மோராலா, கிரீஸியா? 1973 ஜனவரியில் டான் ஷூலா எடுத்த முடிவு

லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடக்கத் தொடங்கிய பிறகு, அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் சீசனை முடித்துக் கோப்பையையும் தூக்கிய அணி ஒன்றே ஒன்றுதான்: 1972இன் மயாமி டால்பின்ஸ். வழக்கமான சீசனில் 14 வெற்றி, தோற்றால் வெளியேறும் பிளேஆஃபில் 2, சூப்பர் பவுல் 1, மொத்தம் 17–0. 2007இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 18–0 வரை வந்தும் சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17–14 என்று விழுந்தது.

அந்த 17ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மயாமியின் ஓட்டத்தையும் தடுப்பாட்டத்தையும்தான் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் அந்த சீசனில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 16ஆவது வெற்றிக்கும் 17ஆவது ஆட்டத்துக்கும் நடுவே இருந்த இரண்டு வாரம். தலைமைப் பயிற்சியாளர் டான் ஷூலாவிடம் அப்போது இரண்டு குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். ஒருவர் ஏர்ல் மோரால், வயது 38, தோல்வியே காணாமல் 11 ஆட்டங்களைத் தொடங்கியவர். இன்னொருவர் பாப் கிரீஸி, வயது 27, அணியின் நிரந்தர ஆட்டக்காரர், கால் முறிந்து பதினொரு வாரம் கழித்துத் திரும்பியவர். சூப்பர் பவுலில் யாரை இறக்குவது?

குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தை முதலில் கையில் வாங்குகிறவர். அதை ஓடுகிறவரிடம் கொடுப்பதா, முன்னே பாயும் சகாவுக்கு எறிவதா என்பது அவர் கையில். இன்று பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியே சொல்லிவிடுகிறார். 1972இல் அந்த வசதி கிடையாது. கிரீஸியும் சரி, மோராலும் சரி, அடுத்து என்ன ஆடுவது என்பதைப் பெரும்பாலும் மைதானத்தில் நின்று தாங்களே சொன்னவர்கள். ஆகவே ஷூலா தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது ஒரு தோளை மட்டுமல்ல, அன்றைய ஆட்டத்தை நடத்தப்போகும் தலையையும்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: தொடக்க ஆட்டக்காரர் தொடர் நடுவில் காயப்பட்டுப் போகிறார், பதிலுக்கு வந்த மூத்தவர் ஒவ்வொரு போட்டியாக ஜெயித்துக் கொடுக்கிறார், இறுதிப் போட்டிக்கு முன் பழையவர் உடல் தேறி வந்து நிற்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் ஒருவர் மனம் நோகும்.

இதில் இன்னொரு சிக்கல், மூன்று பேருமே சூப்பர் பவுலில் தோற்று மனதில் அடிபட்டவர்கள்.

மோராலின் காயம் பழையது. 1968இல் அவர் பால்டிமோர் கோல்ட்ஸில் இருந்தார். பயிற்சியாளர் இதே ஷூலா. சீசன் தொடங்குமுன்பே அணியின் நட்சத்திர குவார்ட்டர்பேக் ஜானி யூனிடஸின் முழங்கை கெட்டுப்போக, மோரால் இறங்கினார். அணி 13–1. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. பிறகு 1969 ஜனவரி 12, மயாமி ஆரஞ்ச் பவுல் மைதானம், மூன்றாவது சூப்பர் பவுல். நியூயார்க் ஜெட்ஸைவிட கோல்ட்ஸ் 18 புள்ளி பலம் கூடிய அணி என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். முதல் பாதியிலேயே மோரால் எறிந்த மூன்று பந்துகளை ஜெட்ஸ் பறித்தது.

அந்த மூன்றில் கடைசியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதல் பாதி முடியப்போகிறது, கோல்ட்ஸ் 7–0 என்று பின்தங்கியிருக்கிறது. மோரால் பந்தைச் சக வீரர் டாம் மேட்டிடம் கொடுக்கிறார். மேட் வலப்பக்கம் ஓடுவதுபோலப் போக்குக்காட்டி, திரும்பி மோராலிடமே எறிகிறார். ஜெட்ஸின் தடுப்பு முழுக்க ஏமாந்துவிட்டது. இலக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் கோல்ட்ஸின் ஜிம்மி ஓர் என்பவர் தன்னந்தனியாக நின்று கையைத் தூக்கி ஆட்டுகிறார், சுற்றி ஒருவரும் இல்லை. மோரால் அவரைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த வேறொருவருக்கு எறிகிறார். ஜெட்ஸின் ஜிம் ஹட்சன் குறுக்கே பாய்ந்து பிடித்துவிடுகிறார். ஆட்டம் 16–7 என்று ஜெட்ஸுக்குப் போனது.

அன்று ஷூலா செய்ததும் முக்கியம். யூனிடஸ் ஓரத்தில் காத்திருந்தார். முழங்கை சரியில்லை, இருந்தாலும் யூனிடஸ் யூனிடஸ்தான். ஷூலா அவரை உள்ளே அனுப்பியது மூன்றாம் கால்பகுதியின் பின்பாதியில்தான். அதற்குள் 13–0 ஆகிவிட்டது. யூனிடஸ் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் இலக்குப் பகுதிக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) வாங்கித் தந்தார், காலம் போதவில்லை. சீசன் முழுவதும் காப்பாற்றிய மனிதரை வெளியே இழுக்க ஷூலாவுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தத் தயக்கத்தின் விலை அவருக்குத் தெரியும்.

கிரீஸியின் காயம் ஒரே வருடப் பழசு. 1972 ஜனவரி 16, நியூ ஆர்லியன்ஸ், ஆறாவது சூப்பர் பவுல். டல்லாஸ் கவ்பாய்ஸிடம் மயாமி 24–3 என்று தோற்றது, ஒரு டச்டவுன்கூட இல்லை. முதல் கால்பகுதியில் டல்லாஸின் பாப் லில்லி துரத்த, கிரீஸி பின்னால் ஓடினார், இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார், மறுபடி பின்னால் ஓடினார். கடைசியில் 29 யார்டு பின்னே விழுந்தார். அந்தச் சில வினாடிகளைப் பார்த்தாலே போதும், அன்றைய முழு ஆட்டமும் புரிந்துவிடும்.

இப்போது ஷூலாவின் கணக்கைப் பாருங்கள். சூப்பர் பவுலில் 0–2. முதல் தோல்வி மோராலை வைத்து, இரண்டாவது கிரீஸியை வைத்து. ‘பெரிய ஆட்டத்தில் ஜெயித்துக் காட்டியவர்’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழி அவருக்கு இல்லை. மோரால் பக்கம் ஒரு விஷயம் சொல்லலாம்: 1971 ஜனவரியில் ஐந்தாவது சூப்பர் பவுலில் யூனிடஸ் அடிபட்டு வெளியேறியபோது, மோரால் நடுவில் இறங்கி கோல்ட்ஸ் 16–13 என்று ஜெயிக்கும்வரை நடத்தினார். அப்போது ஷூலா அந்த அணியில் இல்லை, மயாமிக்கு வந்துவிட்டார். இந்த ஐந்தாவது சூப்பர் பவுலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1972 ஏப்ரலில் கோல்ட்ஸ் மோராலை வேண்டாமென்று விட்டது. ஷூலா வெறும் 100 டாலர் கட்டணத்தில் அவரை எடுத்துக்கொண்டார். சம்பளம் தனி, ஆனால் ஆளைப் பெறக் கொடுத்த விலை அதுதான். 1956இலிருந்து ஆடுகிறவர், ஐந்து அணி பார்த்தவர், மொட்டையாக வெட்டிய கிராப்பு. மயாமியில் பலருக்கு அவர் ஒரு காப்பீடு, அவ்வளவுதான்.

அக்டோபர் 15. ஆரஞ்ச் பவுலில் சான் டியேகோ சார்ஜர்ஸுடன் ஐந்தாவது ஆட்டம். முதல் கால்பகுதியில் கிரீஸி பந்தை எறியும் நேரத்தில் டீக்கன் ஜோன்ஸும் ரான் ஈஸ்ட்டும் அவர்மேல் விழுந்தார்கள். வலது கால் முறிந்தது, கணுக்கால் மூட்டும் விலகியது. மோரால் உள்ளே வந்தார். அன்றே இரண்டு டச்டவுன் எறிந்து 24–10 என்று முடித்தார். அடுத்த வாரம் பஃபலோவுடன் ஒரே புள்ளியில் தப்பித்தார்கள், 24–23. அதற்குப் பிறகு பால்டிமோரை, அவரை 100 டாலருக்கு விட்ட அதே அணியை, அவர்கள் ஊரிலேயே 23–0. நியூ இங்கிலாந்தை 52–0. நவம்பரில் ஜெட்ஸுடன் ஆட்டம் நெருக்கமாகப் போனபோது, எறிய ஆள் கிடைக்காமல் மோரால் தானே பந்தோடு 31 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 38 வயது, வேகத்துக்குப் பேர்போனவரும் அல்ல. அந்த ஆட்டம் 28–24.

சீசன் முடிவில் எண்கள் இப்படி நின்றன. மோரால் 150 எறிதலில் 83 போய்ச் சேர்ந்தது, 1,360 யார்டு, 11 டச்டவுன், பறிபோனது 7. கிரீஸி 97 எறிதலில் 53, 638 யார்டு, 4 டச்டவுன், பறிபோனது 4. ஒரு எறிதலுக்கு எத்தனை யார்டு என்று பார்த்தால் மோரால் 9க்கு மேல், கிரீஸி ஆறரை. லீக்கிலேயே பாஸிங் தரப்புள்ளியில் மோரால்தான் முதலிடம்.

காகிதத்தில் பார்த்தால் விவாதமே இல்லை. ஆனால் இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இரண்டு காரணம். வழக்கமான சீசனில் மயாமி சந்தித்த அணிகளில் இரண்டுதான் பாதிக்குமேல் ஜெயித்தவை: கன்சாஸ் சிட்டியும் ஜயன்ட்ஸும், இரண்டுமே 8–6. கன்சாஸ் சிட்டியை வென்றது கிரீஸி, ஜயன்ட்ஸை வென்றது மோரால். மீதிப் பன்னிரண்டில் மோரால் பங்குக்கு வந்தவற்றில் ஆறு, பஃபலோவும் பால்டிமோரும் நியூ இங்கிலாந்தும் தலா இருமுறை. பலமான பட்டியல் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரிது. இந்த அணி எறிந்து ஜெயித்த அணியே அல்ல. லாரி சோங்கா 1,117 யார்டு ஓடினார், மெர்க்குரி மோரிஸ் சரியாக 1,000. ஒரே அணியில் ஒரே சீசனில் இரண்டு பேர் ஆயிரத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. மோரிஸுக்கு முதலில் 991 என்றுதான் கணக்கிட்டார்கள், ஓர் ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் பார்த்து 9 யார்டு சேர்த்துக் கொடுத்தார்கள். இவர்களுக்கு மேல் ஜிம் கிக் 521. மொத்தம் 2,960 யார்டு, அன்றைய லீக் சாதனை. முன்வரிசையில் லாரி லிட்டில், ஜிம் லாங்கர், பாப் கூச்சென்பெர்க் என்று நின்றவர்கள் கிழித்த வழியில் இவர்கள் போனார்கள். எதிரணி சோங்காவைத் தடுக்கக் கூட்டம் கூட்டியபோது பின்னால் காலியான இடத்தில் பால் வார்ஃபீல்ட் ஓடினார், அவருக்கு மோரால் எறிந்தார். அந்த 9 யார்டில் கணிசமான பகுதி சோங்காவின் தோளுக்குச் சொந்தம். மோராலைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த இடைவெளியைச் சரியாகக் கண்டு எறிவதும் திறமைதான். ஆனால் அதே இடைவெளி கிரீஸிக்கும் கிடைத்திருக்கும்.

தடுப்பும் அப்படித்தான். ஆறாவது சூப்பர் பவுலுக்கு முன் டல்லாஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி அவர்கள் பெயர் நினைவில்லை என்று சொன்னதிலிருந்து ‘பெயரில்லாத் தடுப்பு’ என்றே ஆகிவிட்டது. பில் ஆர்ன்ஸ்பார்கர் வகுத்த அந்தத் தடுப்பு 14 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது வெறும் 171 புள்ளி, லீக்கிலேயே குறைவு. இப்படியொரு அணியில் குவார்ட்டர்பேக் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆட்டத்தைக் கெடுக்காமல் இருப்பது.

பிளேஆஃபில் மோராலின் கை சற்றுத் தளர்ந்தது போலத்தான் தெரிந்தது. டிசம்பர் 24 அன்று கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் சொந்த மைதானத்திலேயே மயாமியைத் திணறடித்தது. நான்காம் கால்பகுதியில் 14–13 என்று பின்தங்கினார்கள். மோரால் வார்ஃபீல்டிடம் முக்கியமான பந்துகளைக் கொண்டுசேர்த்தார், கிக் 8 யார்டு ஓடி முடித்தார், 20–14. அந்தத் தாக்குதலை நடத்திய நிதானம் மோராலுடையது, மறுக்க முடியாது. ஆனால் பிரவுன்ஸ் குவார்ட்டர்பேக் மைக் ஃபிப்ஸின் ஐந்து பந்துகளைப் பறித்தும்கூட ஆறு புள்ளியில்தான் ஜெயிக்க முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 31, பிட்ஸ்பர்க். 15–0 என்று வந்த அணிக்கு ஏன் வெளியூர் ஆட்டம் என்று கேட்கலாம். அப்போது சொந்த மைதான உரிமை வெற்றிக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கப்படவில்லை, பிரிவுகளுக்குள் சுழற்சியில் வந்தது. ஸ்டீலர்ஸ் முதலில் ஏழு புள்ளி போட்டது. மயாமி பந்தை உதைத்துக் கொடுக்க நின்ற நேரத்தில், உதைக்க வேண்டிய லாரி சைப்பிள் எதிரணி முதுகைத் திருப்பி ஓடுவதைக் கண்டு, உதைக்காமல் பந்தோடு 37 யார்டு ஓடிவிட்டார். அதைப் பயன்படுத்தி மோரால் சோங்காவுக்கு ஒரு டச்டவுன் எறிந்தார். பாதியில் 7–7. மோரால் தாக்குதலை நகர்த்தவே சிரமப்பட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

மூன்றாம் கால்பகுதியில் கிரீஸி இறங்கினார். அக்டோபருக்குப் பிறகு அவர் ஆடியது சீசனின் கடைசி ஆட்டத்தில் கொஞ்ச நேரம்தான். ஸ்டீலர்ஸ் 10–7 என்று முன்னிலையில் இருந்தபோது அவர் வார்ஃபீல்டுக்கு எறிந்த பந்து 52 யார்டு கொண்டுபோனது. அந்தத் தாக்குதலின் முடிவில் கிக் ஒரு டச்டவுன், அடுத்து இன்னொன்று. 21–17. ஷூலா இந்த முறை தாமதிக்கவில்லை.

இப்போது இரண்டு வாரம். ஷூலா முன்னே மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, மோரால். சீசனைத் தூக்கிச் சுமந்தவர், அணி அவரோடு பழகிவிட்டது, தோற்காத அணியை ஏன் கலைக்க வேண்டும்? நியாயம் முழுக்க இந்தப் பக்கம். பயம் என்னவென்றால், பிளேஆஃபின் இரண்டு ஆட்டத்திலும் அவர் தாக்குதல் திணறியது. எதிரே வரப்போவது ஜார்ஜ் ஆலனின் வாஷிங்டன், முந்தைய இரண்டு பிளேஆஃப் ஆட்டத்திலும் மூன்று மூன்று புள்ளிதான் கொடுத்த தடுப்பு.

இரண்டாவது, கிரீஸி. இளையவர், ஷூலா 1970இல் மயாமிக்கு வந்ததிலிருந்து அணியைக் கட்டியதே அவரைச் சுற்றித்தான். ஆனால் பதினொரு வாரத்தில் ஆடியது ஒரு ஆட்டத்தின் பாதியைவிடக் கொஞ்சம் கூட. முறிந்த கால் முழு ஆட்டம் தாங்குமா என்பது ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது, பிட்ஸ்பர்க்கில் நடந்ததையே திரும்பச் செய்வது: மோராலைத் தொடங்கவிட்டு, கிரீஸியைக் கையில் வைத்துக்கொள்வது. பலருக்கு இதுவே புத்திசாலித்தனமாகப் படும். யார் மனமும் நோகாது, ஒருமுறை பலித்தும் இருக்கிறது. எனக்கு மூன்றிலும் மோசமானது இதுதான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் பெரும்பாலோர் ‘இருவரில் யார் சிறந்தவர்’ என்று கேட்டுக்கொண்டே சுற்றுகிறார்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லை, இருவரும் ஏறக்குறைய சமம். கேட்க வேண்டியது வேறு: முதல் தேர்வு சொதப்பினால் என்ன நடக்கும்? பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தால் அணிக்கு அதிகப் பலன்?

மோரால் சொதப்பி கிரீஸி உள்ளே வருவதை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அணி பின்தங்கியிருக்கும். பின்தங்கிய அணி ஓடிக்கொண்டிருக்க முடியாது, எறிந்தாக வேண்டும். எறிகிறவர் நின்று ஆள் தேட வேண்டும், அந்த நேரத்தில் எதிரணி அவர் காலை நோக்கித்தான் வரும். ஆறாத கால், சூடாகாத உடம்பு. பிட்ஸ்பர்க்கில் இது சமாளிக்க முடிந்ததற்குக் காரணம், அவர் வந்தபோது ஆட்டம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சைப்பிளின் அந்தத் துணிச்சல் ஓட்டம் இல்லாமலிருந்தால் எத்தனையில் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது.

கிரீஸி சொதப்பி மோரால் வருவதை எண்ணிப் பாருங்கள். நடுவில் இறங்கி ஆட்டத்தைக் காப்பாற்றுவதில் அன்றைய லீக்கில் மோராலுக்கு நிகராக ஒருவரைக் காட்டுவது கஷ்டம். 1968இல் யூனிடஸுக்குப் பதில் ஒரு சீசன். ஐந்தாவது சூப்பர் பவுலில் பாதியில் இறங்கி வெற்றி. அக்டோபர் 15 அன்று முதல் கால்பகுதியிலேயே இறங்கி வெற்றி. உடம்பு சூடாவதற்கு நேரம் கேட்காதவர், பதற்றப்படாதவர், முழு அணியின் நம்பிக்கையும் அப்போதுதான் அவர்மேல் உச்சத்தில் இருந்தது. அவரைப் பெஞ்சில் வைத்தால் அந்த பெஞ்சுக்கு லீக்கிலேயே ஈடில்லை. அவரைத் தொடங்கவிட்டால் பெஞ்சில் இருப்பது ஆறாத ஒரு கால்.

கிரீஸி தொடங்கும்போது ஆட்டம் 0–0. சோங்காவிடம் கொடு, மோரிஸிடம் கொடு, எப்போதாவது எறி. ஆறிவரும் காலுக்கு இதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடையாது. முதல் கால்பகுதியிலேயே தாங்குமா தாங்காதா என்று தெரிந்துவிடும். தாங்காவிட்டால் மாற்ற ஷூலாவுக்குத் தயக்கம் இருக்காது, காரணம் உள்ளே வரப்போவது மோரால். மூன்றாவது சூப்பர் பவுலில் ஷூலாவைக் கட்டிப்போட்டது, சீசன் முழுக்கச் சுமந்தவரை எப்படி வெளியே எடுப்பது என்ற கூச்சம். மோரால் தொடங்கினால் அதே கூச்சம், அதே மனிதர்மேல், மறுபடி வரும். கிரீஸி தொடங்கினால் அதற்கு இடமே இல்லை.

ஷூலா கிரீஸியைத் தேர்ந்தெடுத்தார். மோராலுக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் வெளியே முணுமுணுக்கவில்லை, அணிக்குள் ஒரு கோஷ்டியும் சேர்க்கவில்லை. இந்த முடிவு பலித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பெஞ்சில் உட்காரச் சொன்னால் முகம் திருப்பிக்கொள்கிற ஒருவராக அவர் இருந்திருந்தால் மேலே நான் சொன்ன கணக்கு முழுவதும் செல்லாது. ஷூலா தன் ஆளை அறிந்திருந்தார். 1968இலிருந்து அறிந்திருந்தார்.

எதிரணி முகாமில் இப்படி ஒரு சிக்கலே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாஷிங்டனின் சோனி ஜர்கன்சனுக்கு அதே அக்டோபரில் குதிகால் தசைநாண் அறுந்து சீசன் முடிந்துவிட்டது. ஜார்ஜ் ஆலனுக்கு பில்லி கில்மரைத் தவிர வேறு வழி கிடையாது.

1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம். கிரீஸி எறிந்தது மொத்தம் 11, போய்ச் சேர்ந்தது 8, 88 யார்டு. முதல் கால்பகுதியில் ஹோவர்ட் ட்வில்லிக்கு 28 யார்டு டச்டவுன். வார்ஃபீல்டுக்கு எறிந்த 47 யார்டு டச்டவுன் ஒன்று சக வீரரின் விதிமீறலால் செல்லாமல் போனது. மூன்றாம் கால்பகுதியில் இலக்குப் பகுதிக்குள் எறிந்ததை வாஷிங்டனின் பிரிக் ஓவன்ஸ் பறித்துவிட்டார், அது தவறான எறிதல்தான். சோங்கா 15 ஓட்டத்தில் 112 யார்டு. மயாமியின் ஜேக் ஸ்காட் இரண்டு பந்துகளைப் பறித்து ஆட்ட நாயகன் ஆனார். கில்மர் மொத்தம் மூன்று பந்துகளை எதிரணிக்குக் கொடுத்தார். மயாமி 14–0 என்று முன்னிலை, இரண்டு நிமிடத்துக்குச் சற்றுமேல் பாக்கி. அப்போது மயாமியின் கேரோ யெப்ரேமியன் ஃபீல்டு கோலுக்காக, அதாவது கம்பங்களுக்கு நடுவே போய்ப் புள்ளி கிடைக்க, உதைத்த பந்து தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதை எடுத்து அவர் எறியப் பார்க்க, பந்து கையிலிருந்து நழுவி மேலே போய், வாஷிங்டனின் மைக் பாஸ் அதைப் பிடித்து 49 யார்டு ஓடி டச்டவுன் போட்டுவிட்டார். 14–7. அதோடு முடிந்தது.

ஜெயித்ததால் முடிவு சரி என்று நான் வாதாடவில்லை. மோரால் தொடங்கியிருந்தாலும் அந்தத் தடுப்போடும் சோங்காவோடும் மயாமி அன்று ஜெயித்திருக்க வாய்ப்பு அதிகம். முடிவை எடைபோட வேண்டியது ஆட்டத்துக்கு முந்தின இரவு கையில் இருந்த தகவலை வைத்து. அந்தத் தகவலை வைத்துப் பார்த்தாலும் எனக்கு ஷூலா பக்கம்தான் சாய்கிறது.

இதற்கு எதிர்ச்சாட்சியாகச் சிலர் 2001ஐக் காட்டுவார்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் ட்ரூ பிளெட்சோ செப்டம்பரில் மோசமாக அடிபட, டாம் பிரேடி வந்தார், ஜெயித்தார். பிளெட்சோ தேறி வந்தபிறகும் பயிற்சியாளர் பில் பெலிச்செக் பிரேடியையே வைத்துக்கொண்டார். 2002 ஜனவரியில், மறுபடி பிட்ஸ்பர்க்கில், சூப்பர் பவுலுக்கு முந்தின ஆட்டத்தில் பிரேடியின் கணுக்கால் அடிபட்டது. பிளெட்சோ நடுவில் இறங்கி டேவிட் பேட்டனுக்கு ஒரு டச்டவுன் எறிந்து 24–17 என்று முடித்துக்கொடுத்தார். அடுத்த வாரம் பெலிச்செக் தேர்ந்தெடுத்தது பிரேடியை. 20–17, செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிராகக் கோப்பை.

மேலோட்டமாகப் பார்த்தால் ஷூலாவின் முடிவுக்கு நேர் எதிர்: ஷூலா பழையவரைத் திருப்பி எடுத்தார், பெலிச்செக் பழையவரைப் பெஞ்சிலேயே விட்டார். ஆனால் காயத்தைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் தொடங்கியவர் கால் சரியில்லாதவர். இரண்டு இடத்திலும் பெஞ்சில் இருந்தவர் நடுவில் இறங்கி ஜெயிக்கக்கூடியவர் என்று நிரூபித்தவர், பிளெட்சோ அதை ஒரு வாரம் முன்புதான் நிரூபித்தார். வரிசையில் யார் பழையவர், யார் புதியவர் என்பது மாறியதே தவிர, அடுக்கிய விதம் ஒன்றுதான். ஒரு வித்தியாசத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்: பிரேடிக்கு அப்போது வயது 24, அணியின் வருங்காலமும் அவர்தான். அந்த எண்ணமும் பெலிச்செக்கின் தராசில் இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு மயாமி மறுபடி கோப்பையை வென்றது, மினசோட்டாவை 24–7. அந்த சூப்பர் பவுலில் கிரீஸி எறிந்தது மொத்தமே ஏழு முறை. 1990இல் அவர் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். மோராலுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 1972இல் அவர் தொடங்கிய 11 ஆட்டங்களுக்காகவாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஹால் ஆஃப் ஃபேமின் வாக்காளர்கள் பெஞ்சிலிருந்து வருகிறவர்களை எடைபோட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அவர் 1976 சீசன் வரை மயாமியிலேயே இருந்தார். 1975இல் கிரீஸிக்கு மறுபடி காயம்பட்டபோது, 41 வயதில், ஷூலா உள்ளே அனுப்பியது அவரைத்தான்.